4 ஜிபி லேப்டாப்புல க்னோமை விட்டு எக்ஸ்எஃப்சிஇக்கு மாறினப்ப நடந்தது

பழைய லேப்டாப் ஸ்லோவா இருக்குன்னு யார்கிட்ட சொன்னாலும் உடனே வர்ற பதில் ஒன்னுதான், எக்ஸ்எஃப்சிஇ போடு சரியாயிடும்னு. லினக்ஸ்ல திரை, மெனு, ஜன்னல் எல்லாத்தையும் காட்டுற டெஸ்க்டாப்புகள்ல எக்ஸ்எஃப்சிஇ லேசான ஒன்னு, க்னோம் கனமான ஒன்னு. சரியாச்சான்னு கேட்டா ஆமான்னுதான் சொல்லுவேன். ஆனா எதனால சரியாச்சு, எவ்ளோ சரியாச்சு, க்னோம் இத்தன நாள் சத்தமில்லாம பாத்துக்கிட்டு இருந்த வேலையெல்லாம் அப்புறம் யார் தலையில விழுந்துச்சு, இதெல்லாம் யாரும் சொல்றதில்ல. அதுக்காகத்தான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமாவே போகும்.

மெஷின் 2012ல வாங்கினது. செகண்ட் ஜெனரேஷன் கோர் ஐ3, 4 ஜிபி ரேம், காட்டுறது என்னமோ 3.7 தான், மிச்சத்துல கொஞ்சம் உள்ள இருக்குற இன்டெல் கிராபிக்ஸுக்குப் போயிடும். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதுவும் 5400 ஆர்பிஎம். பேட்டரி இருபது நிமிஷம் தாங்கினா பெரிய விஷயம். விண்டோஸ் 11 இந்த ப்ராசஸரத் திரும்பிக்கூடப் பாக்காது, இன்டெல்ல பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் எடுத்துக்கும், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் வேற கேக்கும். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே நான் இதுல டெபியன் 12ங்கிற லினக்ஸ போட்டுட்டேன், கூடவே வர்ற க்னோம் 43ஓட.

இப்ப அத யூஸ் பண்றது என் தங்கச்சி. டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்குப் படிக்கிறா. அவளுக்கு வேண்டியது மூணே மூணு விஷயம், ஸ்கூல் புக் பிடிஎஃப், யூடியூப்ல கிளாஸ், லிப்ரே ஆபீஸ்ல தமிழ்ல நோட்ஸ் அடிக்கிறது. தனித்தனியா ஒவ்வொன்னும் ஓடும், மூணும் சேந்து ஓடாது. "அண்ணே, கிளாஸ் ஓடிட்டு இருக்கும்போது பிடிஎஃப் தொறந்தா மவுஸ் அம்புக்குறியே நகரமாட்டேங்குது, சார் பேசுறது மட்டும் விட்டு விட்டு கேக்குது, பேசாம ஃபோன்லயே படிச்சுக்கறேன்"னு சொல்லிட்டா. ஆறு இஞ்ச் ஸ்கிரீன்ல பத்தாங்கிளாஸ் சமூக அறிவியல் புக்க ஜூம் பண்ணி ஜூம் பண்ணிப் படிக்கிறது கொடுமை.

உடனே டெஸ்க்டாப்ப மாத்திடலாம்னு கை அரிக்கும், அதுக்கு முன்னாடி எது மாட்டுதுன்னு பாக்கணும். டெர்மினல்ல டாப் கமாண்ட ஓட விட்டுட்டு அவ பண்றத அப்படியே பண்ணச் சொன்னேன், யூடியூப், பிடிஎஃப், ரைட்டர். டாப்போட மேல் பகுதியில சிபியு வரி ஒன்னு இருக்கும், அதுல டபிள்யூஏன்னு ஒரு எண் வரும், நிறைய பேரு அத கவனிக்கவே மாட்டாங்க. ப்ராசஸர் சும்மா உக்காந்து டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு இருக்குற நேரம் அது. மெஷின் உறைஞ்சு போற சமயத்துல அது அறுபது எழுபதுன்னு நின்னுச்சு. அதாவது ஐ3 பாவம் ஒன்னும் பண்ணல, ரேம் நிரம்பிப் போய் ஸ்வாப்புக்கு, அதாவது ரேம் பத்தாதப்ப ஒதுங்குற இடத்துக்குத் தள்ளுது, ஸ்வாப் இருக்கிறது சுத்துற ஹார்ட் டிஸ்க்ல, அதுனால எல்லாம் நிக்குது. லேப்டாப் முன்னாடி இருக்குற டிஸ்க் லைட்டும் மினுக்காம விடாம எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, கமாண்டெல்லாம் தெரியாதவங்க அந்த லைட்ட பாத்தாலே போதும்.

ரேம் கணக்கு காட்டுற ஃப்ரீ கமாண்ட்ல ஒரு விஷயம், அதுல ஃப்ரீங்கிற நெடுவரிசைய பாத்துட்டு அய்யய்யோ 150 எம்பிதான் இருக்குன்னு பயப்படாதீங்க. லினக்ஸ் சும்மா இருக்குற ரேமையெல்லாம் ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கும், கேட்டா திருப்பிக் குடுத்துடும். பாக்க வேண்டியது கடைசி நெடுவரிசை, அவைலபிள்னு இருக்கும். நம்ம கேஸ்ல அதுவும் 200 எம்பிக்குக் கீழ போயிருந்துச்சு, ஸ்வாப்ல ஒரு ஜிபிக்கு மேல ஏறியிருந்துச்சு. அப்ப ப்ராப்ளம் ரேம்தான்னு உறுதி.

இன்னொன்னும் பாத்துக்கிட்டேன், ஸ்மார்ட்சிடிஎல் வச்சு ஹார்ட் டிஸ்க் நல்லா இருக்கான்னு. பத்து வருஷத்துக்கு மேல ஓடின டிஸ்க், கெட்டுப் போன இடத்தோட கணக்கு சொல்ற ரீஅலகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் ரெண்டும் பூஜ்யமா இருந்தா நிம்மதி. அதுல எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருந்துச்சுன்னா எந்த டெஸ்க்டாப் மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல, முதல்ல ஃபைல வேற இடத்துக்குக் காப்பி பண்ற வழியப் பாருங்க.

க்னோம் ஏன் இவ்ளோ எடுக்குதுன்னா, திட்ட வேண்டிய விஷயமில்ல அது, அது கட்டப்பட்ட விதம் அப்படி. க்னோம் ஷெல்லோட மேல்பாகம் ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதினது, திரையில வர்ற ஒவ்வொரு அசைவும் கிராபிக்ஸ் சிப் வழியா வரையப்படுது. அதுக்கு மேல ட்ராக்கர்னு ஒன்னு நம்ம ஃபைலையெல்லாம் படிச்சு இண்டெக்ஸ் பண்ணும், சாஃப்ட்வேர் சென்டர் அப்டேட் இருக்கான்னு பின்னாடி பாத்துக்கிட்டே இருக்கும், காலண்டருக்கு எவல்யூஷன் சர்வீஸ் மூணு நாலு ஓடும், தங்கச்சி வாழ்க்கையில அந்தக் காலண்டரத் தொறந்ததே இல்ல. லாகின் பண்ணி ஒன்னுமே தொறக்காம பாத்தப்பவே 1.1 ஜிபி போயிருந்துச்சு. 16 ஜிபி மெஷின்ல இது ஒரு விஷயமே இல்ல, 3.7ல 1.1ங்கிறது கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு.

எதுக்கு மாறலாம்னு பாத்தா கையில இருந்தது மூணு. எக்ஸ்எஃப்சிஇ, 1996ல இருந்து இருக்கு, ஒலிவியே ஃபூர்தான்ங்கிறவர் ஆரம்பிச்சது, மெதுவாத்தான் புது வெர்ஷன் விடுவாங்க, 4.12 வந்தது 2015ல, அடுத்த 4.14 வந்தது 2019ல. சிலருக்கு இது குறையாத் தெரியும், எனக்கு இதுதான் பிடிச்சதே, போன வருஷம் இருந்த பட்டன் இந்த வருஷமும் அதே இடத்துல இருக்கும். அடுத்து எல்எக்ஸ்க்யூடி, தைவான்காரர் ஒருத்தர் 2006ல தொடங்கின எல்எக்ஸ்டிஇல இருந்து வந்தது, இருக்கிறதுலயே லேசு. மூணாவது மாட்டே, 2011ல க்னோம் 3 வந்தப்ப பிடிக்காதவங்க பழைய க்னோம் 2வ எடுத்து உயிரோட வச்சிருக்கிறது. மாட்டே நல்லாத்தான் இருக்கும், ஆனா ரேம்ல எக்ஸ்எஃப்சிஇக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. எல்எக்ஸ்க்யூடி பத்தி கடைசில சொல்றேன்.

சிஸ்டத்த அழிச்சு முதல்ல இருந்து போட வேண்டியதே இல்ல, இத பல பேரு தெரியாம ரெண்டு நாள் வேலை இழுத்து விட்டுக்கிறாங்க. லினக்ஸ்ல டெஸ்க்டாப்பும் ஒரு பேக்கேஜ்தான். இருக்குற க்னோமுக்குப் பக்கத்துலயே எக்ஸ்எஃப்சிஇய இன்ஸ்டால் பண்ணிக்கலாம், லாகின் ஸ்கிரீன்ல மூலையில இருக்குற பல்சக்கரத்த க்ளிக் பண்ணி எது வேணுமோ அதுக்குள்ள போகலாம். பிடிக்கலையா, லாக் அவுட் பண்ணிட்டுப் பழையதுக்கே வந்துடலாம். ஹோம் ஃபோல்டர் ஒன்னுதான், ஃபயர்பாக்ஸ் புக்மார்க், பாஸ்வேர்ட், நோட்ஸ் எல்லாம் அப்படியே இருக்கும். என் நோட்ஸெல்லாம் போயிடுமான்னு தங்கச்சி கேட்ட ஒரே கேள்விக்கு இதுதான் பதில்.

டெபியன்ல ரெண்டு வழி இருக்கு. டாஸ்க் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்னு ஒரு பேக்கேஜ், அத போட்டா முழு சாப்பாடு. வெறும் எக்ஸ்எஃப்சிஇ4 பேக்கேஜ் போட்டா டெஸ்க்டாப் மட்டும் வரும், மத்தத நாமதான் ஒவ்வொன்னா சேக்கணும். நான் வேணும்னேதான் ரெண்டாவது வழில போனேன், என்னென்ன வேணும்னு தெரிஞ்சுக்க. வேற யாருக்காவது போட்டுக் குடுக்குறதா இருந்தா முதல் வழிதான் நல்லது. நடுவுல லைட்டிஎம் வேணுமா ஜிடிஎம்3 வேணுமான்னு நீலக்கலர்ல ஒரு ஸ்கிரீன் வந்தா பதறாதீங்க, லாகின் ஸ்கிரீன் எது காட்டணும்னு கேக்குது அவ்ளோதான். லைட்டிஎம் குடுத்தேன், ஜிடிஎம்3 லாகின் ஸ்கிரீனுக்கே ஒரு க்னோம் ஷெல்ல ஓட்டும், அந்த ரேமையும் எதுக்கு விடணும்.

தங்கச்சி அக்கவுண்ட தொடாம, முதல்ல டெஸ்டுன்னு புதுசா ஒரு யூசர் க்ரியேட் பண்ணி அதுல எக்ஸ்எஃப்சிஇ பாத்தேன். பழைய அக்கவுண்ட்ல க்னோம் செட்டிங்ஸ் எல்லாம் கெடக்கும், தீம் கலந்து அசிங்கமாத் தெரியும், எது எக்ஸ்எஃப்சிஇயோட குணம் எது பழைய குப்பைன்னு பிரிக்க முடியாது. சுத்தமான யூசர்ல பாத்தா தெளிவாத் தெரியும்.

அங்கயும் ஒரு வேடிக்கை. லாகின் பண்ணி, டாப் மாதிரியே இருக்குற எச்டாப்ப தொறந்தா ட்ராக்கர் மைனர் ஓடிக்கிட்டு இருக்கு, எவல்யூஷன் அலாரமும் ஓடிக்கிட்டு இருக்கு. க்னோம விட்டு வந்தாச்சே, இதுங்க எப்படி இங்கன்னு பாத்தா, அதுங்களோட ஆட்டோஸ்டார்ட் ஃபைல்ல எந்தெந்த டெஸ்க்டாப்ல ஓடணும்ங்கிற லிஸ்ட்ல எக்ஸ்எஃப்சிஇ பேரும் இருக்கு. பக்கத்துல க்னோம் இன்ஸ்டால் ஆகி இருக்குற வரைக்கும் அதோட ஆளுங்க இங்கயும் வந்து உக்காந்துக்குவாங்க. எக்ஸ்எஃப்சிஇ போட்டேன் பெருசா ஒன்னும் குறையலையேன்னு சொல்றவங்கள்ல பாதி பேருக்கு இதுதான் நடந்திருக்கும்னு நினைக்கிறேன். செட்டிங்ஸ்ல செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்னு ஒன்னு இருக்கு, அதுல அப்ளிகேஷன் ஆட்டோஸ்டார்ட் டேப்ல போய் தேவையில்லாததுக்கெல்லாம் டிக் எடுத்து விட்டேன், பிரிண்டர் ஐகான், ப்ளூடூத் எல்லாமே, அவ ரெண்டையும் யூஸ் பண்றதில்ல. அதுக்கப்புறம் லாகின் ஆனதும் 560 எம்பி கிட்ட நின்னுச்சு. அரை ஜிபிக்கு மேல மிச்சம், ஒரு பைசா செலவில்லாம.

சரி, இனிமேதான் க்னோம் பாத்துக்கிட்டு இருந்த வேலையெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு.

தங்கச்சிகிட்ட குடுத்த அஞ்சாவது நிமிஷம், "அண்ணே டச்பேட் செத்துப் போச்சு." சாகல, தட்டினா க்ளிக் ஆகுற செட்டிங் ஆஃப்ல இருந்துச்சு, மவுஸ் அண்ட் டச்பேட் உள்ள போய் ஒரு டிக். அடுத்து வைஃபை ஐகான் காணோம். நெட் ஓடுது, ஆனா வேற வைஃபைக்கு மாத்துறதுக்கு ஐகான் இல்ல. நெட்வொர்க் மேனேஜர் க்னோம்ங்கிற பேக்கேஜ் போட்டதும் பேனல்ல வந்துச்சு, பேர்ல க்னோம்னு இருக்கேன்னு பயப்பட வேண்டாம், சின்ன ஆப்லெட்தான் அது. லேப்டாப்ப மூடினா என்ன ஆகணும், பேட்டரி எவ்ளோ இறங்கினா ஷட்டவுன் ஆகணும்ங்கிறது பவர் மேனேஜர்ல இருக்கு. இருபது நிமிஷ பேட்டரிக்கு அத அசால்ட்டா விடக் கூடாது, கரண்ட் போச்சுன்னா அவ்ளோதான், பதினஞ்சு பர்சன்ட்லயே ஷட்டவுன்னு வச்சேன்.

தமிழ் டைப்பிங்தான் கொஞ்சம் உக்கார வச்சிடுச்சு. க்னோம்ல ஐபஸ்ங்கிற டைப்பிங் கருவிய உள்ளுக்குள்ளயே கோத்து வச்சிருப்பாங்க, செட்டிங்ஸ்ல தமிழ்னு சேத்தா போதும், மேல பாருல வந்து உக்காந்துக்கும். எக்ஸ்எஃப்சிஇல ஐபஸ்ஸ நாமதான் எழுப்பி விடணும். ஐபஸ், அப்புறம் ஐபஸ் எம்17என், இந்த ரெண்டு பேக்கேஜும் வேணும், தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர் லேஅவுட் எல்லாம் ரெண்டாவதுலதான் வருது. அப்புறம் ஐஎம் கான்ஃபிக்னு ஒரு கருவி, அத ஓட விட்டு ஐபஸ்ஸ செலக்ட் பண்ணிட்டு லாக் அவுட் பண்ணி உள்ள வரணும். சும்மா டெர்மினல்ல ஐபஸ்ஸ ஸ்டார்ட் பண்ணா ஐகான் வரும், ஆனா சில ஆப்ல தமிழ் அடிக்கும், சிலதுல இங்கிலீஷ்தான் விழும், ஏன்னா ஜிடிகே, க்யூடிங்கிற ரெண்டு லைப்ரரில எழுதின ஆப்புகளுக்கும் எந்த இன்புட் மெத்தட்னு லாகின் ஆகுறப்பவே சொல்லி வைக்கணும், அந்த வேலையத்தான் ஐஎம் கான்ஃபிக் பாக்குது. டெஸ்ட் பண்றப்ப நோட்பேட் மாதிரி ஒன்னுல மட்டும் அடிச்சுப் பாத்துட்டு ஓகேன்னு விட்டுடாதீங்க, ஃபயர்பாக்ஸ் அட்ரஸ் பார், லிப்ரே ஆபீஸ், ஃபைல் பேர் மாத்துற இடம், மூணுலயும் அம்மான்னு ஒரு தடவ அடிச்சுப் பாருங்க.

அடுத்தது எழுத்து. அவ நோட்ஸ தொறந்துட்டு, "எழுத்து ஏதோ மாதிரி இருக்கு"ன்னா. என்னன்னு சொல்லத் தெரியல அவளுக்கு, ஆனா மாறியிருக்குன்னு தெரியுது. பக்கத்துல போய் பாத்தா சின்ன சைஸ்ல ணகரத்தோட சுழியெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒத்தக்கொம்பும் ரெட்டக்கொம்பும் வித்தியாசம் தெரிய உத்துப் பாக்கணும். அப்பியரன்ஸ்ல ஃபான்ட்ஸ் டேப்ல ஹின்ட்டிங்னு ஒன்னு இருக்கு, அத ஸ்லைட்னு மாத்தி, சப்பிக்சல் ஆர்டர் ஆர்ஜிபின்னு வச்சதும் சுழி சுழியாத் தெரிஞ்சுது. நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டேன், லோஹித் தமிழும் இருக்கட்டும்னு டெபியனோட தமிழ் ஃபான்ட் தொகுப்பையும் போட்டுட்டேன். நாள் முழுக்க தமிழ் படிக்கிற ஆளுக்கு இந்த ஒரு செட்டிங் அரை ஜிபி ரேம விட முக்கியம்னு நான் சொல்லுவேன்.

ஜன்னல்களச் சேத்துத் திரையில வரையுற காம்போசிட்டர ஆஃப் பண்ணுங்க பறக்கும்னு ஒரு அட்வைஸ் எங்க பாத்தாலும் இருக்கும். பண்ணிப் பாத்தேன், பறக்கல. ரேம்ல குறைஞ்சது சொல்லிக்கிற மாதிரி ஒன்னும் இல்ல, ஆனா யூடியூப் வீடியோல ஆள் நகர்றப்ப நடுவுல குறுக்கால ஒரு கோடு கிழிஞ்ச மாதிரி ஓடுது. திரும்ப ஆன் பண்ணி, செட்டிங்ஸ் எடிட்டர்ல எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 கீழ விபிளாங்க் மோட ஜிஎல்எக்ஸ்னு வச்சதும் கோடு போயிடுச்சு. நிழல், ட்ரான்ஸ்பரன்சி எல்லாம் வேணும்னா எடுத்துக்கங்க, காம்போசிட்டர் இருந்துட்டுப் போகட்டும். ஒன்னே ஒன்னு, ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கமாண்ட் போட்டு ரெண்டரர்னு வர்ற வரியில இன்டெல் பேர் வருதான்னு பாருங்க. எல்எல்விஎம்பைப்னு வந்துச்சுன்னா கிராபிக்ஸ் சிப் வேலையே செய்யல, ப்ராசஸர்தான் எல்லாத்தையும் வரைஞ்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அப்படி இருந்தா டெஸ்க்டாப் மாத்துறதுக்கு முன்னாடி அத சரி பண்ணனும்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர தொறந்தா டிஸ்க் லைட் மறுபடி விடாம எரிஞ்சுச்சு. துனார்ங்கிறதுதான் எக்ஸ்எஃப்சிஇயோட ஃபைல் மேனேஜர், அதுக்குத் துணைக்கு டம்ப்ளர்னு ஒன்னு ஒவ்வொரு பிடிஎஃப்போட முதல் பக்கத்தையும் சின்னப் படமா வரைஞ்சு வைக்கும். தங்கச்சி ஃபோல்டர்ல நூத்துக்கணக்கான பிடிஎஃப், பழைய கொஸ்டின் பேப்பரெல்லாம் ஸ்கேன் பண்ணது, ஒவ்வொன்னும் அம்பது நூறு எம்பி. துனார் ப்ரிஃபரன்சஸ்ல தம்ப்நெயில் நெவர்னு மாத்தினேன். படமெல்லாம் போயிடுச்சேன்னு கேட்டா, பேர் வச்சுக் கண்டுபிடின்னு சொல்லிட்டேன். ஃபைலுக்கெல்லாம் ஒழுங்கா பேர் வைக்க ஆரம்பிச்சா, அது ஒரு நல்ல விஷயம்.

பிடிஎஃப் ரீடர்ல மட்டும் நான் லேசானதுக்குப் போகல. மியூபிடிஎஃப் வேகத்துல அடிச்சுக்க ஆளில்ல, ஆனா மஞ்சக் கலர்ல ஹைலைட் பண்றது அவளுக்கு வசதிப்படல, ஹைலைட் பண்ணாம அவளால படிக்க முடியாது. அதுனால க்னோமோட எவின்ஸையே வச்சுக்கிட்டேன். அதுவும் எக்ஸ்எஃப்சிஇ மாதிரியே ஜிடிகே லைப்ரரி யூஸ் பண்ற ஆப்தான், புதுசா பெரிய மூட்டை எதையும் ரேமுக்குள்ள இழுத்துட்டு வராது. ஒக்குலார் நல்ல ஆப்புதான், ஆனா அது கேடிஇ குடும்பம், ஒரே ஒரு பிடிஎஃப்புக்காக அந்தக் குடும்பத்து லைப்ரரியெல்லாம் கூட வந்து எறங்கும். டெஸ்க்டாப் லேசுன்னா எல்லா ஆப்பும் லேசாத்தான் இருக்கணும்னு சட்டமா என்ன.

இவ்ளோவும் பண்ணியாச்சு, சேத்து ஓட விட்டுப் பாத்தா, பழையபடி உறையல, ஆனா யூடியூப்ல ஏழெட்டு டேப் தொறந்தா மறுபடி தள்ளாடுது. மறுபடி எச்டாப், மறுபடி அதே ஆள், ஃபயர்பாக்ஸ். டெஸ்க்டாப் மொத்தமும் அரை ஜிபின்னா ப்ரௌசர் மட்டும் ரெண்டு ஜிபி. ஃபயர்பாக்ஸ் அட்ரஸ் பார்ல அபௌட் ப்ராசஸஸ்னு அடிச்சா எந்த டேப் எவ்ளோ தின்னுதுன்னு தெளிவாக் காட்டும், அபௌட் அன்லோட்ஸ்ல போய் பின்னாடி சும்மா கெடக்குற டேப இறக்கியும் விடலாம். விளம்பரத்தத் தடுக்குற யூப்ளாக் ஆரிஜின் போட்டதுல நியூஸ் சைட்டெல்லாம் பாதியாக் கொறஞ்சுது.

யூடியூப்புக்குத் தனி வைத்தியம் வேணும். யூடியூப் இப்பல்லாம் விபி9, ஏவி1ங்கிற ஃபார்மட்ல வீடியோ அனுப்பும். செகண்ட் ஜெனரேஷன் இன்டெல் கிராபிக்ஸுக்கு அது ரெண்டும் புரியாது, யூடியூப் அனுப்புறதுல எச்264 மட்டும்தான் ஹார்ட்வேர்ல பிரிக்கத் தெரியும். புரியாததெல்லாம் ப்ராசஸர் தலையில விழும், ஃபேன் கத்த ஆரம்பிக்கும். எச்264இஃபைனு ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு, எனக்கு எச்264தான் வேணும்னு யூடியூப்கிட்ட சொல்லிடும், அதப் போட்டு 480ல வச்சா ஃபேன் சத்தம் அடங்கிடுச்சு. போர்டுல எழுதுற கிளாஸுக்கு 480 தாராளம். இது எந்த டெஸ்க்டாப்புக்கும் பொருந்தும், க்னோம்ல இருக்குறவங்களும் போட்டுக்கலாம்.

அப்புறம் இசட்ரேம். டெஸ்க்டாப் மாத்தினதுக்குச் சமமா, ஏன் அதுக்கும் மேலயே பலன் குடுத்தது இதுதான், ஆனா இத யாரும் பெருசா பேசுறதில்ல. ரேம் நிரம்பினா ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளுறதுக்குப் பதிலா ரேமுக்குள்ளயே ஒரு பகுதில கம்ப்ரெஸ் பண்ணி வச்சுக்கும், பீரோல துணிய சுருட்டிப் போடாம மடிச்சு அடுக்கினா ரெண்டு மடங்கு கொள்ளுற மாதிரி. டெபியன்ல இசட்ரேம் டூல்ஸ்னு பேக்கேஜ், போட்டுட்டு அதோட கான்ஃபிக் ஃபைல்ல பர்சன்ட் 50, அல்காரிதம் எல்இசட்4ன்னு வச்சேன். மடிக்கவும் பிரிக்கவும் ப்ராசஸருக்குக் கொஞ்சம் வேலைதான், ஆனா நம்ம ப்ராசஸர்தான் டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு சும்மா உக்காந்திருந்துச்சே, செய்யட்டும். பழைய டிஸ்க் ஸ்வாப்பையும் அழிக்கல, ப்ரையாரிட்டில கீழ இருக்கும், இசட்ரேம் நிரம்பினாதான் அங்க போகும். மறுபடி டாப் ஓட விட்டு அதே மூணையும் தொறந்தப்ப டபிள்யூஏ பத்தத் தாண்டவே இல்ல.

க்னோம உடனே தூக்கல. டிஸ்க்ல இடம் இருக்கு, கெடக்கட்டும்னு விட்டேன். தங்கச்சி அது பக்கமே போகலன்னு உறுதியானதும்தான் கை வச்சேன், அதுக்கும் முன்னாடி பேக்கேஜ் போடுற, எடுக்குற ஏபிடிய, நிஜமா எதையும் அழிக்காத சிமுலேட் மோட்ல ஓட விட்டு எதெல்லாம் போகும்னு லிஸ்ட் எடுத்துப் பாத்தேன். எவின்ஸ் போகுது. ஜிவிஎஃப்எஸ் பேக்எண்ட்ஸ் போகுது, அது போச்சுன்னா ஃபோன யூஎஸ்பில சொருகினா துனார்ல தெரியாது, அவ ஃபோன்ல இருந்துதான் பாதி பிடிஎஃப்ப காப்பி பண்றா. பாஸ்வேர்ட் வச்சிருக்குற க்னோம் கீரிங் போகுது. பிரிண்டருக்கான கப்ஸ் போகுது, இப்ப வேணாம்னாலும் ஹால் டிக்கெட் ப்ரிண்ட் எடுக்குற அன்னிக்கு வேணும். இதையெல்லாம் கூடவே போயிடாம இருக்க ஏபிடி மார்க் மேனுவல்னு குறிச்சு வச்சுட்டு அப்புறம் ரிமூவ் குடுத்தேன். அந்த லிஸ்ட்ட முழுசாப் படிக்காம எஸ்ஸுன்னு அடிக்கிற பழக்கம் இருந்தா க்னோம் இருந்துட்டே போகட்டும், ஒரு தொந்தரவும் இல்ல.

காசு செலவு பண்ணலாம்னா எங்க பண்றதுன்னு கேப்பீங்க. ஒன்னே ஒன்னுதான் முடியும்னா எஸ்எஸ்டி, யோசிக்கவே வேண்டாம், சுத்துற டிஸ்க்கோட வேகத்துக்கு எந்த டெஸ்க்டாப்பும் மருந்தில்ல. எனக்கு அந்த நேரத்துல கெடச்சது ரேம்தான். பின்பக்க மூடியக் கழட்டிப் பாத்தா ஒரு ஸ்லாட் காலி. மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில பழைய டிடிஆர்3 ஸ்டிக் கேட்டேன், கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, எல் போட்டதா எல் போடாததா?" பிசி3னு இருந்தா 1.5 வோல்ட், பிசி3எல்னு இருந்தா 1.35 வோல்ட்லயும் ஓடும். எல் போட்டத பொதுவா பழைய 1.5 வோல்ட் மெஷின்லயும் போடலாம், ஆனா எல் மட்டும்தான் வேணும்னு இருக்குற புது மெஷின்ல எல் போடாதத போட்டா ஆன் ஆகாது. இருக்குற ஸ்டிக்கக் கழட்டிக் கையோட கொண்டு போறதுதான் புத்திசாலித்தனம், லேபிளப் பாத்து அவரே எடுத்துக் குடுத்துடுவார். கடையிலயே மாட்டி ஆன் பண்ணிப் பாத்துட்டுத்தான் காசு குடுத்தேன்.

8 ஜிபி ஆனதும் சும்மா ஆர்வத்துக்கு ஒரு பென் ட்ரைவ்ல லைவ் க்னோம் போட்டுப் பாத்தேன். உண்மையச் சொல்றேன், நல்லாவே ஓடுச்சு. அப்ப 4 ஜிபியும் சுத்துற டிஸ்க்கும் சேந்து இருக்குற மெஷின்லதான் எக்ஸ்எஃப்சிஇ போட்டா பெரிய வித்தியாசம் தெரியும், 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்தா எது பிடிக்குதோ அதப் போட்டுக்கலாம். தங்கச்சிகிட்ட பழையதுக்கே போகலாமான்னு கேட்டேன். அதுக்குள்ள அவ பேனல கீழ இறக்கி, கடிகாரத்துக்குப் பக்கத்துல நோட்ஸ் ஃபோல்டருக்கு ஒரு பட்டன் வச்சு, வால்பேப்பரெல்லாம் மாத்தி வச்சிருக்கா. "கைய வச்ச, அவ்ளோதான்"னு சொல்லிட்டா.

எல்எக்ஸ்க்யூடி பத்தி சொல்றேன்னு சொன்னேன்ல. எதிர்வீட்டு அண்ணன் ஒருத்தர் 2 ஜிபி ரேம் மட்டும் இருக்குற ஒரு குட்டி லேப்டாப்ப கொண்டு வந்தார், ரேம் போர்டுலயே ஒட்டினது, ஏத்த முடியாது. அதுக்கு எல்எக்ஸ்க்யூடி போட்டேன், லாகின் ஆனதும் 400 எம்பிய ஒட்டி நிக்குது, கூடவே இசட்ரேம். வேகம் ஓகே, ஆனா செட்டிங்ஸ் எல்லாம் ஆளுக்கொரு மூலையில சிதறிக் கெடக்கும், ஒருத்தருக்குப் போட்டுக் குடுத்தா அடிக்கடி நம்மளக் கூப்பிடுவாங்க, அதுக்குத் தயாரா இருந்தா போடுங்க. இன்னொரு விஷயம், அந்த மாதிரி மெஷின்ல ப்ராசஸர் 64 பிட்டான்னு முதல்ல பாத்துக்கங்க. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13ல 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே கிடையாது, வெறும் 32 பிட் மெஷின்னா டெபியன் 12ஓட கடைசி.

நம்ம ஐ3 64 பிட்தான், 13க்குப் போகலாம், அதுல எக்ஸ்எஃப்சிஇ 4.20 வருது. தங்கச்சிக்கு எக்ஸாம் முடியட்டும்னு வெயிட் பண்ணிக்கிட்டு இருக்கேன், அதுக்கு முன்னாடி லேப்டாப் பக்கம் போனா வீட்ல சோறு கிடையாது.